ஹாலே நகரத்தில் ராஜநாயக்கனைத் தேடி

ஜெர்மனிக்குப் போய் வந்த நம்மவர்களின் பயணக் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். ரயில் நேரத்துக்கு வரும். தெருவில் குப்பை இருக்காது. ரைன் நதியில் படகு போகும். கடைசியில் மாக்ஸ்முல்லர் சமஸ்கிருதத்தைப் புகழ்ந்த கதை ஒன்று வந்து சேரும். படிக்கிற பிராமணருக்கும் பிள்ளைமாருக்கும் மனசு குளிர்ந்து போகும். நான் போனபோது ரயில் நாற்பது நிமிஷம் தாமதமாகத்தான் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் போன ஊர் ஹாலே. கிழக்கு ஜெர்மனியில், ஸாலே ஆற்றங்கரையில் இருக்கிற பழைய நகரம். லைப்சிக்கிலிருந்து கூப்பிடு தூரம். பெர்லினில் சாதி பற்றிய ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் முடிந்து ஊர் திரும்ப இரண்டு நாள் மிச்சம் இருந்தது. கூட வந்தவர்கள் பெர்லின் சுவர் பார்க்கப் போனார்கள். நான் ஹாலேவுக்கு டிக்கெட் எடுத்தேன். அதற்குக் காரணம் எங்கள் தாத்தா.

எங்கள் ஊர் தரங்கம்பாடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். நாங்கள் லுத்தரன் கிறிஸ்தவர்கள், பறையர்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் எங்கள் ஊரில் ஒருவருக்கு முழு விலாசம். தாத்தா முப்பத்தோரு வருஷம் உபதேசியார் வேலை பார்த்தார். நாலு சேரிகளுக்கு நடந்தே போய் ஜெபம் சொல்லுவார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார், சாவு விழுந்தால் முதல் ஆளாக நிற்பார். ஆனால் அவர் ஐயர் ஆகவில்லை. எங்கள் சபையில் குருவானவரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயர் எங்கேயிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. தாத்தா குருத்துவப் படிப்புக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. கோயிலில் செல்வாக்காக இருந்த ஒருவர், பெயர் வேண்டாம், நேராகவே கேட்டாராம்: "ஒன் கையால நாங்க அப்பம் வாங்கணுமாடா?" தாத்தா இதை எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது நூலகத்தில் மிஷன் வரலாறு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ராஜநாயக்கன் என்ற பெயர் இரண்டு வரியில் வந்து போனது. தஞ்சாவூர் உபதேசி, பறையர், குருப்பட்டம் கொடுக்க யோசித்துக் கைவிடப்பட்டவர். வருஷம் 1741. தாத்தாவுக்கு நடந்தது தாத்தாவுக்கு மட்டும் நடந்ததல்ல, அதற்கு இருநூறு வருஷத்துக்கும் மேலான வயசு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தக் காகிதங்களெல்லாம் இருக்கிற இடம் ஹாலே என்று புத்தகத்தில் போட்டிருந்தது. வரலாறு தரங்கம்பாடியில் நடந்தது, அதன் காகிதமோ ஜெர்மனியில் இருக்கிறது.

ரயிலடிக்கு ஓர் அக்கா வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பக்கம். எண்பதுகளில் அகதியாக வந்து, லைப்சிக்கில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். கூட்டத்தில் அறிமுகமானவர். எனக்கு ஜெர்மன் தெரியாது என்று தெரிந்ததும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "வாங்கோ பிள்ளை, குளிருதே?" என்று தன் கழுத்துத் துணியைக் கழற்றிக் கொடுத்தார். நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், "நீங்கள் ஊரில எவடம்?" என்று கேட்டார். நம் ஊரில் "எந்தத் தெரு?" என்று கேட்பார்களே, அதே கேள்விதான். கடல் தாண்டினாலும் தமிழருக்கு இந்தக் கேள்வி மறப்பதில்லை. "சேரி" என்றேன். அக்கா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "மன்னிக்கோணும், வாயில வந்திட்டுது. எங்கட ஆக்களிட்டயும் உது இருக்கு" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கேட்டுவிட்டு வெட்கப்படுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நகரத்தின் நடுவில் சந்தை மைதானம். ஐந்து கோபுரங்களின் நகரம் என்று ஹாலேவுக்குப் பெயர். அதில் நான்கு சந்தைக் கோயிலுக்குச் சொந்தம், ஐந்தாவது தனியாக நிற்கிற சிவப்புக் கோபுரம். இசைமேதை ஹாண்டல் 1685இல் இங்கே பிறந்தவர். மைதானத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. சந்தைக் கோயிலுக்குள் மார்ட்டின் லுத்தர் செத்தபோது முகத்தில் மெழுகு வைத்து எடுத்த அச்சு இருக்கிறது. 1546இல் அவர் பிணத்தை விட்டன்பர்க்குக் கொண்டுபோகிற வழியில் இங்கே ஓர் இரவு வைத்திருந்தார்களாம். எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டரில் தொங்குகிற தடித்த லுத்தரைத்தான் எனக்குத் தெரியும். அதே லுத்தர் 1543இல் யூதர்களின் ஜெபக்கூடங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதியவர் என்பதை ஞாயிறு பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஹாலே உப்பால் வளர்ந்த ஊர். பூமிக்கடியிலிருந்து வரும் உப்புநீரைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். உப்புக் காய்ச்சும் தொழிலாளிகளுக்கு ஹலோரன் என்று பெயர். தனிச் சங்கம், தனி உடுப்பு, தனிப் பழக்க வழக்கம். அந்த ஊருக்கு வந்த யாத்ரீகர்கள் வேடிக்கை பார்த்து எழுதினது இவர்களைப் பற்றித்தான். புது வருஷத்துக்கு ராஜாவிடம் உப்பும் முட்டையும் சாசேஜும் கொண்டுபோய்க் கொடுக்கிற உரிமை இவர்களுக்கு இருந்தது. வேதாரண்யம் உப்பளத்தில் காலெல்லாம் வெடித்துக் கிடக்கிற எங்கள் சனம் ஞாபகத்துக்கு வந்தது. அவர்களைப் பார்க்கத் தாசில்தார்கூட வருவதில்லை.

சந்தையிலிருந்து தெற்கே நடந்தால் பெரிய மேம்பாலம் ஒன்று குறுக்கே ஓடுகிறது. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் போட்டது. அதை ஒட்டினாற்போல் நிற்கிற நீளமான பழைய கட்டடங்கள்தான் பிராங்கே நிறுவனங்கள். இந்த இடம் அன்றைக்கு ஹாலே இல்லை. கோட்டை வாசலுக்கு வெளியே இருந்த கிளௌகா என்ற புறச்சேரி. ஏழைகளும் சாராயக்கடைகளும் நிறைந்த இடம். 1692இல் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே இங்கே பாதிரியாராக வந்தார். 1695இல் அவர் வீட்டில் வைத்திருந்த தர்ம உண்டியலில் நாலு தாலரும் பதினாறு குரோஷனும் மொத்தமாக விழுந்தது. அதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்துக்கு அஸ்திவாரம். அவர் 1727 ஜூனில் சாகும்போது அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். மருந்துக் கடை, அச்சகம், புத்தக வியாபாரம் எல்லாம் வைத்துச் சொந்தமாகவே சம்பாதித்தார்கள்.

ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறத்தில், குடிகாரர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, மறைப்பானேன். பிறகு அக்கா அறிவிப்புப் பலகைகளைப் படித்துக் காட்டினார். பிரபுக்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. வசதியான குடிமக்களின் பிள்ளைகளுக்கு லத்தீன் பள்ளி. ஏழைகளுக்கு ஜெர்மன் பள்ளி. புத்திசாலியான ஏழைப் பையன் மேலே போகலாம், வழி அடைபட்டிருக்கவில்லை. ஆனாலும் பந்தி தனித்தனிதான். "உங்கட ஊரில சாதி, இங்க வகுப்பு" என்றார் அக்கா. இரண்டும் ஒன்றல்ல என்று நான் தகராறு செய்தேன். அந்த ஏழைப் பையன் லத்தீன் படித்துவிட்டால் அவன் தொட்ட அப்பத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

வாசல் கட்டடத்தின் நெற்றியில் சூரியனை நோக்கிப் பறக்கிற இரண்டு கழுகுகள். இதே கட்டடத்தை, அது எழுந்து பதினைந்து வருஷம்கூட ஆகாத காலத்தில், நம்முடைய ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். 1706 ஜூலையில் டென்மார்க் ராஜா அனுப்பி சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடிக்கு வந்த கதை நம் பள்ளிப் பாடத்தில் உண்டு. அங்கிருந்து இங்கே வந்தவர்களின் கதை பாடத்தில் இல்லை. 1711இல் புளூட்சா திரும்பியபோது திமோத்தேயு என்ற தமிழ்ப் பையனைக் கூட்டி வந்தார். 1714 கடைசியில் கப்பல் ஏறிய சீகன்பால்க், மலையப்பன் என்ற இளைஞனைக் கூட அழைத்து வந்தார். பேதுரு மலையப்பன். கப்பலில் வருகிற மாதக்கணக்கான நாளெல்லாம் இருவரும் தமிழ் எழுதிக்கொண்டே வந்தார்கள். 1716இல் ஹாலேயில் சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் லத்தீனில் அச்சானது. அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

மலையப்பன் இந்த முற்றத்தில் நடந்திருக்கிறான். குளிரில் நடுங்கியிருப்பான். தெருப்பிள்ளைகள் அவனை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பையன் மட்டும் சைக்கிளை நிறுத்தி வழி விட்டான். இன்றைக்கும் இங்கே பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன.

அநாதை இல்லத்தின் மேல் மாடியில், கூரைக்கு அடியில், 'கலை, இயற்கைப் பொருள் அறை' இருக்கிறது. இப்போதைய அடுக்குமுறை 1741இல் அமைந்தது என்கிறார்கள். வண்ணம் தீட்டிய பெரிய பெரிய மர அலமாரிகள். ஏறக்குறைய மூவாயிரம் பொருள்கள். உச்சியில் ஒரு முதலை தொங்குகிறது. சங்கு, பாம்பு, கல், மெழுகு உருவம், கிரகங்கள் சுற்றுகிற மாதிரி, எல்லாம் ஓர் ஒழுங்கில் வைத்திருக்கிறார்கள். மிஷனரிகள் அனுப்பிய சாமான்களுக்கும் அங்கே இடம் உண்டு. நம் பனையோலைகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அன்றைய ஐரோப்பியர்கள் தமிழரை 'மலபாரிகள்' என்றே எழுதினார்கள். அதனால் நாமெல்லாம் இங்கே மலபாரிகள். முதலைக்குக் கீழே மலபாரி. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஏன் சிரிக்கிறாய் என்பதுபோல் பார்த்தாள்.

ஆனாலும் அந்த ஓலைகளை லேசாகச் சொல்லிவிட முடியாது. இருநூறுக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகள் இங்கே ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சீகன்பால்க் வந்த இரண்டே வருஷத்தில், 1708இல், தான் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் எழுதினார். செத்துப்போன பிராமணர்களின் விதவைகளிடம் சுவடிகளை மலிவாக வாங்கினாராம். புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள், அவர்களை யார் படிக்க விட்டார்கள்? 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சவரிசையை எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். பிராங்கே அதை அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை இங்கே பரப்புவதற்கல்ல என்பது அவர் நிலை. அது 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. நம் மாரியையும் ஐயனாரையும் காத்தவராயனையும் போல ஊர்ச் சாமிகளை முதன்முதலில் வரிசை போட்டு எழுதிய ஐரோப்பியர்களில் ஒருவர் அவர். அந்தக் காகிதம் நூற்றைம்பது வருஷம் மூடிக் கிடந்தது.

இன்னொன்றும் ஹாலேயில் நடந்தது. தமிழ் எழுத்தை இங்கே ஈயத்தில் வார்த்தார்கள். அந்த அச்செழுத்தும் அச்சுக்காரர்களும் 1713இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. 1714, 1715இல் புதிய ஏற்பாடு அச்சானது. இங்கிருந்து வந்த எழுத்து பெரிசாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள் என்று ஒரு செய்தி உண்டு. பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். இதையெல்லாம் தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் பெருமையாக எழுதுவார்கள். அந்த அச்சுப் புத்தகம் யார் கைக்குப் போனது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ராஜநாயக்கன் கைக்குப் போனது. அவர் 1700 வாக்கில் பிறந்தவர். கத்தோலிக்கராக இருந்த பறையர் குடும்பம். தஞ்சாவூர் மராத்திய ராஜாவின் படையில் சேவகம் பார்த்தவர். படிக்கத் தெரிந்தவர். இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். 1720களில், தஞ்சாவூர்ச் சீமையில், ஒரு பறையர் சிப்பாய் படிக்கத் தெரிந்தவராக இருந்தார். நம்மைப் பற்றி எழுதினவர்களெல்லாம் எழுத்துக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லாதது போலத்தானே எழுதினார்கள்! சுற்றித் திரிந்த ஒரு பண்டாரத்திடமிருந்து தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் அவருக்குக் கிடைத்தது. படித்தார். தரங்கம்பாடிக்கு வந்தார். உபதேசியானார். தஞ்சாவூர்ப் பக்கம் நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்து 1771இல் செத்தார்.

காப்பகத்தின் வாசிப்பு அறையில் பென்சில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். பொறுப்பிலிருந்த அம்மாள் 'ஹாலே அறிக்கைகள்' தொகுதிகளைத் தாங்கு மெத்தையில் வைத்துக் கொடுத்தார். 1710 முதல் 1772 வரை தொடர்ந்து வந்த வெளியீடு. தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதமும் நாள்குறிப்பும் இங்கே அச்சாகி ஐரோப்பா முழுக்கப் போயின. தமிழர்கள் எழுதிய தொண்ணூற்றொன்பது கடிதங்களும் இதில் வந்தன. சீகன்பால்க் கேள்வி கேட்டார், அவர்கள் பதில் எழுதினார்கள். எழுதினவர்கள் பெயர் அச்சில் வரவில்லை. உபதேசிமார் எழுதிய குறிப்புகளும் மொழிபெயர்த்துச் சுருக்கிப் போடப்பட்டன. அவர்களுக்குப் பெயர் உண்டு.

அக்காவுக்குப் பழைய கோணல் எழுத்து அச்சு லேசில் வசப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து விரலை ஒரு வரியில் வைத்து, "இஞ்ச பாருங்கோ, உங்கட ஆள்" என்றார். ராஜநாயக்கன். ஜெர்மன் வாயில் அடிபட்டு ராஜநைக்கன் ஆகியிருந்தது. நான் விரலை வைக்கப் போனேன். அந்த அம்மாள் மெதுவாகத் தலையை ஆட்டினார். கையை எடுத்துக்கொண்டேன்.

1733 டிசம்பரில் ஆரோன் என்பவருக்கு முதன்முதலாகக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியர்களில் முதல் லுத்தரன் குரு. கடலூர் வெள்ளாளர். பழைய பெயர் ஆறுமுகம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, உழைத்தவர். இரண்டாவது குரு வேண்டும் என்று வந்தபோது ராஜநாயக்கன் பெயர் அடிபட்டது. அனுபவம் இருந்தது, சபை சேர்த்திருந்தார், வேத அறிவு இருந்தது. தகுதி இல்லை என்று மிஷனரிகள் சொல்லவில்லை. பறையர் கையால் சூத்திரக் கிறிஸ்தவர்கள் இராப்போசனம் வாங்க மாட்டார்கள், அவர்கள் வீட்டுக்குள் இவர் போக முடியாது என்றார்கள். 1741இல் தியோகுவுக்குப் பட்டம் கொடுத்தார்கள். அவரும் வெள்ளாளர். ராஜநாயக்கன் சாகிற வரைக்கும் உபதேசிதான்.

1741. மேல் மாடியில் நம் ஓலைகளுக்கு வண்ண அலமாரி தயாரான அதே வருஷம்.

இதற்காக மிஷனரிகளை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் இதை எழுதி வைத்ததனால்தான் எனக்குத் தெரிகிறது. சங்கராச்சாரி மடத்திலோ ஆதீனத்திலோ எந்தப் பறையருக்கு எந்த வருஷம் எந்தக் காரணத்தால் பட்டம் மறுத்தோம் என்று ஏடு இருக்கிறதா? அங்கே கேள்வியே எழவில்லை. இங்கே கேள்வி எழுந்தது. தெரிந்தே தோற்றார்கள். தரங்கம்பாடியில் முதலில், 1707இல், ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள். அடிமைகளிடமிருந்து தொடங்கிய சபை அது. 1718இல் கட்டின புதிய எருசலேம் கோயிலுக்குள்ளேயே பறையருக்குத் தனி இடம், சூத்திரருக்குத் தனி இடம் என்று உட்கார வைத்தார்கள். பதினொரு வருஷம் போதுமாயிருந்தது.

அதற்குப் பின்னால் நடந்தது நீண்ட கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1829இல் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதினார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கோயிலை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலருக்கு லைப்சிக் மிஷன் அடைக்கலம் கொடுத்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் 1849 முதல் 1853 வரை பயணம் செய்து, ஐந்து பாகமாகப் பயண நூல் எழுதினார். திருக்குறளையும் ஜெர்மனில் பெயர்த்தார். சாதி என்பது சமூக வழக்கம், அதைச் சபை பலவந்தமாக ஒழிக்க வேண்டியதில்லை என்று வாதாடியதும் அவர்தான். பிறப்பொக்கும் என்கிற குறளைப் பெயர்த்த கைதான் இதையும் எழுதியது. தமிழறிஞர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும்.

சாயந்தரம் பல்கலைக்கழகப் பக்கம் நடந்தோம். அங்கே ஓர் ஆப்பிரிக்க ஆணும் பெண்ணும் நிற்கிற சிலை இருக்கிறது. 1965இல் வைத்தது. பக்கத்தில் அந்தோன் வில்ஹெல்ம் ஆமோ என்ற பெயரில் பலகை. அந்த ஆண்தான் ஆமோ என்று போகிறவர் வருகிறவர் நினைத்துக்கொள்கிறார்கள். அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அந்தச் சிலை சுதந்திர ஆப்பிரிக்காவுக்கு வைத்தது, அவருடையதல்ல. ஆமோ, இன்றைய கானாவில் ஆக்சிம் பக்கம் பிறந்து, சின்னப் பிள்ளையிலேயே கப்பலில் கொண்டுவரப்பட்டு, ஒரு பிரபுவுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டவர். அன்பளிப்பு! பிராங்கே செத்ததற்கு மறுநாள், 1727 ஜூன் 9ஆம் தேதி, ஹாலே பல்கலைக்கழகத்தில் அவர் பெயர் பதிவானது. 1729இல் ஐரோப்பாவில் கறுப்பர்களின் உரிமை பற்றி இங்கே வாதம் செய்தார். அந்த எழுத்து கிடைக்கவில்லை. 1736இல் திரும்பி வந்து வெள்ளைக்கார மாணவர்களுக்குத் தத்துவம் நடத்தினார்.

ராஜநாயக்கனும் ஆமோவும் ஏறக்குறைய ஒரே வயசு. ஹாலேயின் மேடையில் ஓர் ஆப்பிரிக்கர் நின்று பாடம் சொன்ன அதே காலத்தில், ஹாலே அனுப்பிய மனிதர்கள் தஞ்சாவூரில் ஒரு பறையரைப் பலிபீடத்தில் நிறுத்தப் பயந்தார்கள். இதைச் சொன்னதும் அக்கா, "அப்ப இங்க நல்லாத்தான் இருந்திருக்கினம்" என்றார். அப்படியும் இல்லை. 1747இல் ஆமோவைக் கேலி செய்து, கறுப்பனுக்கு வெள்ளைக்காரி மேல் காதலா என்ற பாணியில் பாட்டு அச்சடித்தார்கள். அவர் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டார். 1753இல் ஒரு கப்பல் வைத்தியர் அவரை அங்கே பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஐரோப்பா அவருக்கு மேடையும் கொடுத்தது, அவமானத்தையும் கொடுத்தது. ராஜநாயக்கனுக்கு மேடையே கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ரயிலுக்கு முன்னால் இன்னோர் இடத்துக்குப் போனோம். ஹம்போல்ட் தெருவில் யூதர்களின் ஜெபக்கூடம். 2019 அக்டோபர் 9ஆம் தேதி, அவர்களுடைய பெரிய உபவாச நாளில், துப்பாக்கியோடு வந்த இனவெறியன் ஒருவன் அதன் கதவைச் சுட்டுப் பார்த்தான். உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள். மரக்கதவு திறக்கவில்லை. தெருவில் போன ஒரு பெண்ணையும், துருக்கிச் சாப்பாட்டுக் கடையில் இருந்த ஓர் இளைஞனையும் கொன்றுவிட்டுப் போனான். 2020 டிசம்பரில் அவனுக்கு ஆயுள் தண்டனை. குண்டு துளைத்த அந்தக் கதவைக் கழற்றி நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். வாசலில் போலீஸ் நின்றது. நாங்கள் சுவருக்கு வெளியே நின்றோம். அக்கா இங்கே வந்த புதுசில் தொண்ணூறுகளில் டிராம் வண்டியில் ஒருத்தன் தன் மேல் துப்பினதை அப்போதுதான் சொன்னார். "வீட்ட போய்ப் பிள்ளையளுக்கும் சொல்லேல்ல" என்றார். எங்கள் தாத்தா வெற்றிலை போட்டுக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவிடம் தாத்தா கதையைச் சொன்னேன். ரயிலடி வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

ராஜநாயக்கன் பெயர் வருகிற பக்கங்களின் எண்களையும், அவற்றின் சாரத்தையும் அக்கா ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். ஊருக்கு வந்ததும் அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா முழுக்கக் கேட்டார்.

"அந்தாளுக்குப் பிள்ளைங்க இருந்துதா?" என்றார்.

"அதையெல்லாம் தேடணும்பா."

"தேடு. நம்ம பக்கம்தானே, எங்கயாச்சும் இருப்பாங்க." பிறகு தாத்தாவின் வேதப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். முன்பக்க வெற்றுத்தாளில் எங்கள் குடும்பத்துப் பிறப்பும் சாவும் எழுதியிருக்கும். தாத்தா பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. கண் சரியாகத் தெரியாததால் என்னை எழுதச் சொன்னார். உபதேசியார் ராஜநாயக்கன், தஞ்சாவூர், 1700–1771 என்று எழுதினேன்.

"உபதேசியார்னு போட்டியா?"

"போட்டேன்."

"அடிச்சிடு. ஐயர்னும் போடாத. பேரு மட்டும் இருக்கட்டும்."